பல் பதிந்த வெள்ளி

மார்ச் 3

இந்த மாத ஏலத்துக்கு ஒரு வெள்ளி நாணயம் வந்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தது, அந்த வருடம் கொஞ்சம்தான் அடித்தார்களாம். கொண்டுவந்தவர் ஒரு கட்டட கான்ட்ராக்டர். "எங்க பெரியப்பா பெட்டியில இருந்துச்சு" என்றார். ராணி முகத்துக்குக் கீழே, ஓரத்தில், இரண்டு சின்னப் பள்ளம். மேலாளர் பார்த்துவிட்டு, "அதை எழுதாதம்மா, விலை விழுந்துரும்" என்றார்.

மார்ச் 9

போனில் ஏலம் கேட்பவர்களுக்காகப் பேசுவது என் வேலை. இன்று ஒரு பெண் கூப்பிட்டாள்.

"ஓரத்துல பல்லு பதிஞ்சிருக்கே, பாத்தியா?"

நாங்கள் வெளியே சொல்லாத விஷயம். யாரும்மா பேசறதுன்னு கேட்டேன்.

"அதை என் வாயிலேருந்து எடுத்தப்புறம்தான் பேசவே முடியுது."

வைத்துவிட்டேன்.

மார்ச் 10

மேலாளரிடம் சொன்னேன். "ஏலம்னா நாலு கிறுக்கு போன் பண்ணத்தான் செய்யும். போய் டீ குடி."

மார்ச் 14

மறுபடி அவள். இந்த முறை வைக்க முடியவில்லை — பயமா, இரக்கமா?

"வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினானே, அவன்கிட்ட கேளு. மண்ணை லாரியில ஏத்தினான். அதுல பாதி நான்."

மார்ச் 15

கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட வந்தார். அஸ்திவாரம் தோண்டும்போது என்ன கிடைத்தது என்று கேட்டேவிட்டேன். முதலில் சிரித்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒரு எலும்புக்கூடு. வாய் இறுக மூடியிருந்துச்சு மேடம். ஸ்க்ரூடிரைவர் விட்டுத்தான்..."

"மிச்சம்?"

"மண்ணோட போயிருச்சு. ஊருக்கு வெளிய கொட்டிட்டோம்."

ஏலத்தை நிறுத்தச் சொன்னேன். "என் சொந்த வீடு மேடம். காசில்லாம பாதியில நிக்குது" என்றார்.

யார் அவள் வாயில் அதைத் திணித்தது? எதைச் சொல்லிவிடுவாள் என்று?

மார்ச் 20

ஏலம். போன் என் காதில். முன்வரிசை நகைக்கடைக்காரர் விலை சொல்லச் சொல்ல, "ஏத்து" என்றாள் அவள். கையைத் தூக்கினேன். ஏத்து. ஏத்து. ஐயோ, என்ன செய்றேன் நான்? யார் காசு குடுப்பா? நகைக்கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கினார். சுத்தியல் விழுந்தது.

"வாங்கினவங்க யாரு?" மேலாளர் கேட்டார். போனைக் கீழே வைத்தேன்.

கடைசி வரிசையில் கான்ட்ராக்டர் எழுந்தார். "எனக்காகத்தான் கேட்டாங்க. நான் விக்கல. நாணயத்தைத் திருப்பிக் குடுத்துருங்க."

முகம் வெளுத்திருந்தது. போன் இல்லாமலே அவருக்கும் அவள் குரல் கேட்டிருக்கிறது.

மார்ச் 21

வேலை போயிற்று.

ஏப்ரல் 2

மண் கொட்டிய இடத்தில் நானும் அவரும் தேடினோம். கிடைத்ததைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, பாதி கட்டிய வீட்டில், அவள் முன்பு கிடந்த இடத்திலேயே குழி வெட்டினோம். அவர் நாணயத்தைத் தாடையருகே கொண்டுபோனார்.

"வாயில வேண்டாங்க" என்றேன். "கையில குடுங்க."

ஜூன் 18

கான்ட்ராக்டரின் மனைவி போன் செய்தார். வீடு முடிந்துவிட்டதாம், அந்த ஒரு அறைக்கு மட்டும் தரை போடவில்லையாம்.

"சாயங்காலமானா அங்க போய் உக்காந்துக்கறாருங்க. யார்கிட்ட பேசறீங்கன்னு கேட்டா, 'பேசல, கேட்டுக்கிட்டிருக்கேன்'ங்கறாரு."

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வையுங்கள் என்றேன்.