பகலில் இறங்கும் ஷட்டர்

இன்று மத்தியானம் எங்கள் வீட்டுக்கு எதிர்ச்சாரியில் ஒரு ஷட்டர் கடகடவென்று இறங்கியது. என் மகளோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கீர்த்தனா, பேனாவைப் போட்டுவிட்டு இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். அது வீட்டோடு சேர்ந்த அவள் அப்பாவின் ஃபேன்சி ஸ்டோர். அந்த நொடியில், என் பள்ளித்தோழியே, நீ என் முன்னால் வந்து உட்கார்ந்தாய்.

உனக்கும் அவள் வயதில் அந்தச் சத்தம்தான். முன்பக்கம் மளிகைக்கடை, பின்பக்கம் வீடு. பட்டப்பகலில் உங்கள் ஷட்டர் இறங்கினால் உள்ளே உன் அம்மாவுக்கு அடி விழுகிறது என்று செஞ்சிக் கடைவீதிக்கே தெரியும். "மொதலாளி பூசைய ஆரம்பிச்சிட்டாரு போலக்குது" என்று பக்கத்துக் கடையில் சிரிப்பார்கள். தெரிந்தே சிரித்தார்கள். நாம் குழந்தைகள். அவர்கள் பெரியவர்கள்.

நீ தூக்கத்தைத் தொலைத்தாய். வகுப்பில் யாராவது பெஞ்சை இழுத்தாலே உன் உடம்பு தூக்கிப்போடும். பதில் தெரிந்தும் வாய் திறக்காது. கவனமில்லை என்று உன்னை வெளியே நிற்கவைத்தார்கள். வீட்டில், "எதையோ பாத்து பயந்துகினா" என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டினார்கள். எதையோவாம்! அது தினமும் உன் எதிரில் உட்கார்ந்து சோறு தின்றது.

பள்ளியிலிருந்து செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா போனபோது அங்கிருக்கும் கல்யாண மகால் படியில் வைத்துச் சொன்னாய்: "யாராச்சும் ஷட்டரத் தட்டி ஒரு சோப்பு கேட்டாக்கூட போதும்டி. நைனா நிறுத்திட்டு சிரிச்சிகினே வெளிய வருவாரு."

"ஏன்டி, யாரும் கேக்க மாட்டாங்களா?"

"பக்கத்துக் கடைலதான் சோப்பு இருக்குதே." சொல்லிவிட்டு நீயே சிரித்தாய்.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால் உன் உயிரை நீயே முடித்துக்கொண்டாய். பரீட்சை டென்ஷன் என்றார்கள். சாவு விழுந்தால் கடைவீதியில் ஷட்டரைப் பாதி இறக்கி மரியாதை செய்வது வழக்கம். அன்று எல்லாக் கடை ஷட்டரும் பாதி இறங்கியது. "பொண்ணுக்கு இன்னா கொற வெச்சீங்க நீங்க" என்று உன் அப்பாவின் கையைப் பிடித்து அழுதார்கள். மரியாதை அவருக்கு.

இப்போது எல்லாக் கடையிலும் கேமரா இருக்கிறது, தெருவைப் பார்த்து. கீர்த்தனாவின் கழுத்தில் புதுக் கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து.

செருப்புக்கூடப் போடாமல் ரோட்டைத் தாண்டிப் போய் உள்ளங்கையால் அந்த ஷட்டரைத் தட்டினேன். அக்கம்பக்கத்தில் தலைகள் நீண்டன.

"கட சாத்திட்டாங்கம்மா. இன்னா வேணும்? இங்க வாங்கிக்க" என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

"சோப்பு. இந்தக் கட சோப்புதான் வேணும்."

தட்டுவதை நான் நிறுத்தவில்லை. ஷட்டர் இடுப்பளவுக்கு ஏறியது. கீர்த்தனாவின் அப்பா வியர்த்த முகத்தோடு குனிந்து சிரித்தார். "இன்னாக்கா, இந்நேரத்துல?"

நீ சொன்ன அதே சிரிப்பு.

"ஒரு சோப்பு. உன் வீட்டம்மாவ எடுத்தாரச் சொல்லு."

அவள் வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. சோப்பை வாங்கும்போது அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்: "கீர்த்தனா எங்க வீட்லயே இருக்கட்டும். நாளைக்கு அவள மனநல டாக்டராண்ட காட்டலாம். நீயும் வா." அவள் தலையசைத்தாளா, குனிந்தாளா, தெரியவில்லை.

சோப்பு இந்த மேசைமேல் பிரிக்காமல் இருக்கிறது. நாளைக்கும் பகலில் அந்த ஷட்டர் இறங்கினால், நாளைக்கும் என் வீட்டில் சோப்பு தீர்ந்துபோயிருக்கும்.