குச்சி பொறுக்குகிற கண்

மார்ச் 3, ஞாயிறு

இரத்தினபுரி துப்பாக்கிச் சுடுதல் கிளப்பில் இன்று மானம் போயிற்று. மாகாண அணித் தேர்வுக்கு ஐந்து வாரம்தான். என் ஏர் பிஸ்டலுக்கு விலை கூடிய போட்டிக் குண்டு ஒரே டப்பா இருக்கிறது. அதைப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்தால்? மலிவாயிருக்கிறதே என்று பளபளக்கும் இரும்புக் குண்டு வாங்கிப் போனேன். பயிற்சியாளர் ஸம்சுதீன் சேர் பிடுங்கிக்கொண்டார். "இரும்பு திரும்பித் தெறிக்கும், கிருஷ்ணகுமாரி. ஒங்கட கண்ணுக்கே வரும்." எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மார்ச் 9, சனி

இந்தத் தடவை தட்டைத் தலை ஈயக் குண்டு வாங்கினேன், மலிவானதிலேயே மலிவு. ஈயம் இலக்குக்குப் பின்னாலுள்ள தகட்டில் பட்டால் நசுங்கி விழுந்துவிடும், பயமில்லை. ஆனால் ஒன்று பத்துப் புள்ளி வட்டத்தில் விழுந்தால் அடுத்தது ஏழில். அதே கைதானே? அப்போ குண்டுதான் காலை வாருது.

மார்ச் 10, ஞாயிறு

எனக்குப் புத்தி எங்கே போயிருந்தது! எட்டு வருஷமாகத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் தூளுக்குள் குச்சி பொறுக்குகிறவள் நான்.

வீட்டில் வெள்ளைத்தாள் விரித்து ஈயக் குண்டு டப்பாவைக் கொட்டினேன். விளிம்பு நசுங்கியது, பிசிர் உள்ளது எல்லாம் தனியே. ஸ்டோரில் என் பக்கத்தில் உட்காரும் மரியாயி அக்காவும் வந்து கைகொடுத்தாள். ஐந்நூறில் அறுபத்திரண்டு கழிவு.

"ஈயம் தொட்ட கை. சவுக்காரம் போட்டு நல்லா கழுவு புள்ள, நாளைக்கு தூளுல கை வைக்கணும்."

மார்ச் 17, ஞாயிறு

பத்து, ஒன்பது, பத்து, பத்து. சேர் இலக்குத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்கு அதுவே போதும்.

ஏப்ரல் 5, வெள்ளி

நாளைத் தேர்வுக்கு எந்த டப்பா? விலை கூடியதா, நான் பொறுக்கியதா? நாலு வாரம் கை பழகினது எதுல? அதுலயே சுடுவேன். நடக்கிறது நடக்கட்டும்.

ஏப்ரல் 6, சனி

முதலிடம்! அறுபது குண்டு, அறுநூறுக்கு ஐந்நூற்று ஐம்பத்தெட்டு. அணியில் என் பெயர். பஸ்ஸில் வரும்போது சிரித்துக்கொண்டே அழுதேன். பக்கத்து ஸீட்டுக்காரி ஒருமாதிரிப் பார்த்தாள், பார்க்கட்டும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

அணிக்கு வாங்கிய போட்டிக் குண்டு டப்பாக்களை எல்லாம் சேர் என்னிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். "பொறுக்கித் தாங்க" என்றார், கெஞ்சாத குறையாக. மரியாயி அக்கா சவுக்காரக் கட்டியோடு வந்துவிட்டாள்.

முதலில் என்னுடைய விலை கூடிய டப்பாவின் சீலை உடைத்தேன். அதிலும் ஏழு கழிவு.