கடலை எண்ணெய் சோப்பு

இன்று காலை கடையில் வாங்கிய புதுக் குளியல் சோப்பைப் பிரித்தேன். உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் சோடியம் பால்மிடேட் என்று போட்டிருந்தது. நீ இருந்திருந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைச் சத்தமாகப் படித்திருப்பாய். நீ போய் இரண்டு வருடமாகிறது.

வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தவள் நீ. நான் பத்தாவது தாண்டாதவள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் உன் வீட்டுப் பின்கட்டில் இருவரும் துணி சோப்பு செய்து விற்க ஆரம்பித்தோம்.

"சோப்புங்கது ஒரு உப்புதான், ஏட்டி. எண்ணெயில இருக்க கொழுப்பு அமிலத்தைக் காஸ்டிக் சோடா பிடிச்சுக்கிடுது" என்றாய்.

"உப்பு எங்கயாவது நொரைக்குமா?" என்று சிரித்தேன்.

கோவில்பட்டி போர் தண்ணீரில் அது நுரைக்கத்தான் இல்லை. திரிந்த பால் மாதிரி வெள்ளையாகத் திரண்டு வாளியில் ஒட்டியது. தண்ணீரில் உள்ள சுண்ணாம்பின் வேலை என்று சொல்லி, சலவைச் சோடா சேர்த்து நீதான் சரிசெய்தாய். அதன்பிறகு தெருவே நம்மிடம் வாங்கியது.

ஒரு வருடம் ஐப்பசியில் உன் அம்மாவைப் பார்க்கக் குளத்தூர் போயிருந்தாய். வழக்கமாக ஊற்றும் தேங்காய் எண்ணெய் பாதிதான் இருந்தது. மீதிக்குக் கடலை எண்ணெய் ஊற்றினேன். காஸ்டிக்கை மட்டும் நீ எழுதிவைத்த பழைய அளவிலேயே போட்டேன். கடலை எண்ணெய்க்குக் குறைவாகப் போதும் என்று நீ சொல்லியிருந்ததை அவசரத்தில் மறந்துபோனேன். சோப்பில் மிஞ்சி நின்ற காஸ்டிக், அதை வாங்கிய பாக்கியம் அக்காவின் இரண்டு கையையும் புண்ணாக்கிவிட்டது. தீப்பெட்டி ஒட்டிப் பிழைக்கிற கை.

ஊரிலிருந்து வந்ததும் ஒரு துண்டை உடைத்து நுனி நாக்கில் தொட்டு, உடனே துப்பினாய்.

"கடலெண்ண ஊத்துனியா?"

தலையை ஆட்டினேன். நீ திட்டவில்லை. "வா, போவோம்" என்றாய்.

தெருமுனை வரைக்கும்தான் என்னால் வர முடிந்தது. நீ மட்டும் அவள் வாசலில் போய் நின்றாய். "அக்கா, நாங்க செஞ்ச தப்பு. அளவு கூடிப்போச்சு" என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. அப்புறம் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனாய். கை ஆறும்வரை தினமும் மத்தியானம் அவள் வீட்டில் உட்கார்ந்து, அவளுக்குப் பதிலாகப் பெட்டி ஒட்டினாய். விற்ற சோப்பையெல்லாம் வீடுவீடாகப் போய்த் திரும்ப வாங்கியது மட்டும் நான். அங்கும் "சரியா வரல" என்று சொன்னேனே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. நீயும் அந்தப் பேச்சைப் பிறகு எடுக்கவே இல்லை.

உன் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"அக்கா, அன்னிக்கு அளவு தப்பிப் போட்டது அவ இல்ல. நான்."

பசை தொட்ட விரலை அவள் நிறுத்தவில்லை. "தெரியும். அவ வாசல்ல நின்னு பேசுதா, நீ தெருமுனையில தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்க. கையிதான் வெந்துச்சு, கண்ணு நல்லாத்தான இருந்துச்சு." ஒட்டிய பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, "என்னிக்காவது வருவன்னுதான் நெனச்சேன். உள்ள வந்து உக்காரு" என்றாள்.

உட்கார்ந்து அழுதேன். அவள் அழவிட்டாள்.

இப்போதும் சோப்பு செய்கிறேன். கூட இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். யார் கையால் தப்பு நடந்தாலும் வாசல் வரைக்கும் நானே போகிறேன். "நாங்க" என்று சொல்ல உன்னிடம் கற்றுக்கொண்டுவிட்டேன். என் தப்புக்கு "நான்" என்று சொல்லும்போதுதான் இன்னும் குரல் கொஞ்சம் நடுங்குகிறது. சொல்லிவிடுகிறேன்.