வயிறு நிறைந்து வந்த நைனாவுக்கு

என் பிரியமான நைனா,

நீ போய் வருஷம் திரும்பப்போகிறது. பஞ்சாயத்து ஆபீசில் உன் போட்டோவுக்குத் தினமும் பூ மாற்றுகிறார்கள். நீ தூர் வாரிய ஏரி இந்த மழைக்கு நிரம்பி வழிந்தது. உன்னைப்போல ஊருக்கு ஒரு தலைவன், ஒரு சர்பஞ்ச், இனி வரமாட்டான் என்று புத்தூர் சந்தையில்கூடப் பேசிக்கொள்கிறார்கள். போன வாரம்வரை எனக்கும் அதில் பெருமைதான்.

போன வாரம் திருப்பதி காலேஜில் ஒரு இத்தாலிக்காரனைப் பற்றிப் பாடம் நடத்தினேன். பல நூறு வருஷத்துக்கு முந்தைய கூலிப்படைத் தலைவன். கூலி கொடுக்கிற ஊருக்காகச் சண்டை போடுவான், அடுத்த ஊர் கூடக் கொடுத்தால் அந்தப் பக்கம் போய்விடுவான். கடைசியில் தன்னைக் காவலுக்கு வைத்த ஊரையே பிடித்துக்கொண்டு அதற்கு ராஜாவானான். வாய்க்கால் வெட்டினான், மாதா கோயில் கட்டினான், ஜனங்களும் கொண்டாடினார்கள். எதிர்த்தவர்கள் வீட்டில் தன் சிப்பாய்களைக் குடிவைத்து, அவர்கள் பணியும்வரை தின்னவிட்டான் என்று சொல்லி முடித்தேன்.

வகுப்பு முடிந்ததும் சுமதி வராண்டாவில் வந்து நின்றாள். நம் ஊர்த் தெற்குத் தெருப் பெண்.

"மேடம், எங்க ஊட்லயும் அப்படித்தான் வந்து துன்னாங்களாம். நான் அப்போ கைக்குழந்தை. எங்க நைனா சர்பஞ்சுக்கு நாமினேஷன் போட்டாரு, பத்து பேரு வந்து உக்காந்துக்கினாங்க. அரிசி தீந்து போயி, விதைநெல்லைக் குத்தி ஆக்கிப் போட்டுதாம் எங்க அம்மா. வாபஸ் வாங்கின அப்புறம்தான் எழுந்தாங்களாம்."

யார் வந்தது என்று அவள் சொல்லவில்லை. எனக்காகத்தான் சொல்லாமல் விட்டாளா?

உன் தொழில் எனக்குத் தெரியாதா நைனா? கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போய், எதிரே நிற்பவனை விலக வைத்து, எலெக்ஷனைப் போட்டியே இல்லாமல் ஏகக்ரீவம் ஆக்கிக் கொடுப்பாய். நம் ஊருக்கும் பெரிய வீட்டார்தான் உன்னைக் கூலிக்கு வைத்தார்கள். கடைசியில் நீயே சர்பஞ்ச் ஆனாய். நீ யாரையும் கைநீட்டி அடித்ததில்லை என்று அம்மா சொல்வாள். நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நாட்களில் அம்மா சோறு போட்டால் தட்டைத் தள்ளிவிடுவாய். "வயிறு ரொம்பிக் கீது" என்பாய். உனக்கு எங்கோ விருந்து என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். யார் வீட்டுச் சோறு என்று அம்மாவாவது கேட்டாளா?

ஞாயிற்றுக்கிழமை உன் ஏழுமலை நான் குடியிருக்கிற திருச்சானூருக்கு வந்தான். உன் பின்னாலேயே சுற்றுவானே, அவன்தான்.

"இந்த வாட்டி லேடீஸ் சீட்டும்மா. நீ நாமினேஷன் மட்டும் போடு. எதுக்க சுமதியோட அம்மா நிக்குதாம். நாங்க போயி துன்னுக்கினு உக்காந்தா, ஏகக்ரீவம்தான்" என்று சிரித்தான்.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். ஒரு நிமிஷம் மனசுக்குள் உன் நாற்காலியில் என்னை உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டேன். பிடித்திருந்தது. உன் பெண் அல்லவா? அந்த வெட்கத்தில் சுமதியின் முகத்தைப் பார்க்க முடியாமல் இரண்டு நாள் காலேஜுக்கு லீவு போட்டேன்.

ஏழுமலையிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். "நீ இல்லைன்னா என் தங்கச்சி இருக்கா. அவங்க ஊட்ல துன்றது துன்றதுதான்" என்று கோபமாகப் போய்விட்டான்.

உன்மேல் எனக்கு இருக்கிற பாசம் ஒரு பொட்டும் குறையவில்லை நைனா. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

நாளைக்கு ஊருக்குப் போகிறேன். வாபஸ் கெடு முடியும்வரை சுமதி வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன். உன் ஆட்கள் என்னைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். அந்த அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்கமாட்டேன், இது உன்மேல் சத்தியம். அந்த வீட்டில் நாம் தின்றது போதும்.

கட்டுச்சோறு கட்டிக்கொண்டிருக்கும்
உன் மூத்த மகள்