கையெழுத்துப் போட மாட்டேன்

புதுச்சேரி
14.2.2006

ஜாகிர் மச்சானுக்கு ரமீஜா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்லாமல் தொடங்கக் கூடாது என்பதால் சொன்னேன். நலம் விசாரிக்க இன்று எனக்கு மனமில்லை.

உங்கள் தம்பி உயிரோடு இருக்கிறார். பாரீஸிலிருந்து தினமும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, மூச்சு மெஷினை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறீர்களாம். நர்சுகள் என்னைப் பாவமாகப் பார்க்கிறார்கள். இனிமேல் போன் போடாதீர்கள். கையெழுத்துப் போட வேண்டியவள் நான். போட மாட்டேன்.

நிமோனியா குறைந்துவிட்டது. ஆனாலும் மெஷினை நிறுத்தினால் அவரால் மூச்சு விட முடியவில்லை, கை கால் அசையவில்லை. மூளை போய்விட்டது என்று நீங்களே முடிவு கட்டினீர்கள். வந்திருந்தபோது கால் கட்டைவிரலை இழுத்துப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். முகத்தைப் பார்க்க உங்களுக்கு எங்கே நேரம்? ஃப்ளைட் இருந்ததே.

புதிதாக வந்த நரம்பு டாக்டரம்மா மாலா, உங்கள் தம்பியின் கை நகத்தைப் பேனாவால் அழுத்தினார். கை அப்படியே கிடந்தது. "கைய விடுங்க, மொகத்தப் பாருங்கம்மா" என்றார். நெற்றி சுருங்கியது, மச்சான். வலித்திருக்கிறது. பிறகு கட்டிலுக்கே ஒரு கருவியைக் கொண்டுவந்து, கை கால் நரம்பில் லேசாகக் கரண்ட் விட்டுப் பார்த்தார்கள். நிமோனியா முற்றி ரத்தத்தில் விஷம் ஏறிப் படுத்தவர்களுக்கு இப்படி வருமாம். கை கால் நரம்பும், மூச்சை இழுக்கிற தசைக்குப் போகிற நரம்பும் பழுதாகிவிடுமாம். மூளைக்கு ஒன்றுமில்லை. தேற மாதக்கணக்கில் ஆகும், முழுசாக வருமென்று வாக்குக் கொடுக்க முடியாது என்றும் சொல்லிவிட்டார். எனக்கு அது போதும்.

இப்போது புரிகிறதா? அவருக்குக் காது நன்றாகவே கேட்டிருக்கிறது. எனக்கு விளங்கக் கூடாதென்று, கட்டில் பக்கத்தில் நின்று உங்கள் மனைவி நஸ்லின் அக்காவிடம் போனில் பிரெஞ்சில் பேசினீர்களே. அண்ணனும் தம்பியும் ஒரே பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தானே? நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்ததைக் காட்டினேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "மருந்துச் சூட்டுல வர்ற தண்ணி, தொடச்சி வுடும்மா" என்றீர்கள். வெட்கமாக இல்லையா?

கண்ணை மூடித் திறந்தால் ஆமாம் என்று வைத்துக்கொண்டு நேற்று அவரோடு பேசினேன். "அண்ணன வர வேணாம்னு எழுதட்டா?" என்று கேட்டேன். கண் விழித்தபடியே இருந்தது. இன்னொரு தடவையும் கேட்டுப் பார்த்தேன். கடைசியில், "வரச் சொல்லட்டா?" என்றேன். உடனே மூடித் திறந்தார். எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. உங்கள் மேல் ஆத்திரம் அடங்கவே இல்லை.

இருந்தாலும் வாருங்கள். அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்து அவர் காதில், "எழுந்திரிடா ஹிதாயத்து" என்று சொல்லுங்கள். தமிழிலேயே சொல்லுங்கள். நானும் கேட்க வேண்டும்.

வஸ்ஸலாம்,
ரமீஜா