இருநூற்றைத் தாண்டிய மழை

நாகலூர்,
நவம்பர் 6

அன்புள்ள இளவரசிக்கு,

செல்வி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். புனேயில் குளிர் தொடங்கியிருக்கும்; ஸ்வெட்டரைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே. போனில் சொன்னால் சிரித்தே பாதியை விட்டுவிடுவேன் என்றுதான் கடிதம்.

எங்கள் எஸ்டேட் ஆபீஸின் நாற்பத்தொரு வருட மழை நோட்டுகளைப் போன கோடையில் உன் ஆராய்ச்சிக்காகப் படம் எடுத்துப் போனாய் அல்லவா? கனமழை இப்போதெல்லாம் அடுத்தடுத்த நாட்களில் சேர்ந்தே கொட்டுகிறது, மூன்று நாள் மழை இருநூறு மில்லிமீட்டரைத் தாண்டினால் மலையேறி வரும் குப்பனூர் சாலையில் பெரும்பாலும் மண் சரிந்திருக்கிறது என்று கணக்கிட்டு எழுதினாய்.

போன வியாழன் காலை மழைமானியைப் பார்த்தேன். மூன்று நாளும் சேர்த்து இருநூற்றுப் பதினெட்டு. அன்றுதான் நம்மோடு படித்த பவித்ராவுக்கு மாரமங்கலத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் குப்பனூரில் வேன் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்குப் போன் போட்டு, அந்தச் சாலையில் வர வேண்டாம் என்றேன். மாப்பிள்ளையின் அப்பா ஆறுமுகத்துக்குக் கோபம். நாற்பது வருடமாக ஏறுகிற மலை, முகூர்த்தம் தவறினால் நீ பொறுப்பா என்று கேட்டார். பவித்ராவிடம் சொன்னேன். பாதி அலங்காரத்தில் இருந்தவள் மாப்பிள்ளையையே கூப்பிட்டாளாம்.

"சேலம் சுத்தியே வாங்க. பொழுதே சாஞ்சாலும் நான் இங்கதானுங்க இருப்பேன்."

வேன் சேலம் பக்கம் திரும்பியது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, குப்பனூர் சாலையில் பாறையும் மண்ணுமாக இறங்கிவிட்டது. அந்நேரம் அங்கே யாரும் இல்லை.

ஒன்பது மணிக்குக் கட்ட வேண்டிய தாலியை ஒரு மணிக்குக் கட்டினார்கள். இட்லியும் பாயசமும் ஒரே இலையில். ஆறுமுகம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, "அந்தக் கணக்குப் போட்ட புள்ள நல்லா இருக்கோணும் சாமி" என்றார்.

ஆகஸ்டில் இருநூற்றைந்து பெய்தும் ஒன்றும் சரியவில்லை. அதையும் எழுதி வைத்திருக்கிறேன். விட்டால் நீ திட்டுவாய். ஒரே ஒரு மழைமானியை நம்பி எதுவும் சொல்ல முடியாது என்று உன் பேராசிரியர் சொன்னதால் வேறு தலைப்புக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். அவர் சொன்னது சரிதான். அதனால் மாரமங்கலத்தில் பவித்ராவின் அண்ணன் சதீஷ் இன்னொரு மழைமானி வைக்கிறான். குப்பனூரில் வைக்கப் போவது யார் தெரியுமா? ஆறுமுகமேதான். தினமும் காலையில் எத்தனை மணிக்கு அளப்பது என்று இதுவரை மூன்று முறை போன் செய்துவிட்டார்.

தலைப்பை மாற்றாதே, இளவரசி. பொங்கலுக்கு வந்துவிட்டுப் போ. மாதா உன் கூடவே இருக்கட்டும்.

என்றும் உன்,
லூர்துசெல்வி