ஆளில்லாமல் நின்ற கார்

என் செல்ல அப்பா,

உங்களுடைய மொரிஸ் மைனருக்கு ஹேண்ட்பிரேக் பிடிக்கிறது. இதை முதலில் சொல்லாமல் வேறு எதையும் எழுத வரவில்லை. நம் தோட்டத்து லய வீடுகளுக்கு முன்னால் இருக்கும் இறக்கத்தில், கல் வைக்காமல், உள்ளே ஒருவரும் இல்லாமல், உங்கள் கார் தனியாக நிற்கிறது. நீங்கள் நம்ப மாட்டீர்கள். "ஏமாத்தாத புள்ள" என்பீர்கள்.

இந்த மலையில் யார்தான் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார்கள்? ஈரக் குளிரில் ராத்திரி முழுக்க இழுத்து வைத்தால் உள்ளே ஒட்டிக்கொள்ளும், காலையில் வீல் சுற்றாது என்று வாடகைக்கு ஹயர் ஓட்டுகிற எல்லாரும் சொல்வதை நீங்களும் சொன்னீர்கள். கியரில் போட்டு, டயருக்கு ஒரு கல். அதோடு சரி. இழுக்காமல் விட்டதால் கேபிள் துருவேறியது. துருவேறிய பிறகு இழுக்கவும் முடியவில்லை. வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலில் வருகிற ஆட்களுக்காகக் காரோடு காத்திருந்த அத்தனை வருடங்களும் இப்படித்தான் போயின.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்து, உட்காரவும் முடியாமல் போன பிறகும் ஹேண்ட்பிரேக் இல்லாத குறை நமக்குத் தெரியவில்லை. கிளினிக் நாட்களில் நீங்கள் டிரைவர் சீட்டில் இருந்து கால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பீர்கள். நான் அம்மாவைத் தூக்கிப் பின் சீட்டில் படுக்க வைப்பேன். நீங்கள் கண்ணாடியில் பார்த்து, "தல, தல, தல இடிக்கப் போவுது" என்று கத்துவீர்கள். ஒரு நாளும் இடித்ததில்லை, அப்பா. ஆனாலும் ஒவ்வொரு முறையும் கத்துவீர்கள்.

நீங்கள் போன பிறகு வந்த முதல் கிளினிக் நாளில்தான் பிரேக்கில் கால் வைக்க ஆள் இல்லை என்பது எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டேன். ஓட்டுவதும் நான், தூக்குவதும் நான். லயத்தில் எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்குப் போகிற நேரம். ஒருவரை நிறுத்தினால் அவர்களுக்கு அன்றைக்கு அரைப் பேர், அரைநாள் சம்பளம்தான் விழும். எந்த வாயால் கேட்பேன்? பக்கத்துக் காம்பரா வீட்டு ஜெயராணி அக்கா கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"டீச்சரு, நான் வேணும்னா ஏறி மிதிச்சுக்கிட்டு இருக்கவா? ஆனா எது பிரேக்கு எது மத்ததுன்னு எனக்குத் தெரியாதுடி. நான் மிதிச்சா நேரா ஆத்துலதான் போய் நிக்கும்."

"வேணாங்க்கா, நீங்க போங்க. கல்லு வச்சிருக்கேன்."

கியரில் போட்டு, கல் வைத்துத்தான் ஏற்றினேன். தரை ஈரம். அம்மாவை உள்ளே தள்ளும்போது கார் ஆடியது, கியர் தாங்கவில்லை, கல் நழுவியது, கார் ஒரு முழம் கீழே இறங்கியது. திறந்திருந்த கதவு அம்மாவின் கணுக்காலில் அடித்தது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு காரை நிறுத்தப் பார்த்தேன். ஒரு காரைக் கையால் நிறுத்த முடியும் என்று அந்த நேரத்தில் நம்பினேன். வாய்க்கால் ஓரத் திட்டில் பின் வீல் முட்டியதால் நின்றது. அம்மா அழவில்லை. வீங்கிய காலைப் பார்த்து, "இதுக்கு வேற தனியா ஒரு கிளினிக் போவணுமா?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹட்டனுக்கு, நீங்கள் எப்போதும் போகும் மெக்கானிக் நந்தன பாஸின் கராஜுக்குப் போனேன். அவர் சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும் லீவரைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஐயோ மிஸ், இந்தக் காருக்கு ஹேண்ட்பிரேக் என்னத்துக்கு? ஒரு புருஷன் எடுங்க. அவரு உள்ள குந்தி மிதிப்பாருதானே."

"புருஷனுக்குத் துரு பிடிக்காதா பாஸ்?"

"பிடிக்கும், பிடிக்கும். எங்க வீட்டு நோனாகிட்டக் கேளுங்க."

அந்த லீவரிலிருந்து ஒவ்வொரு பின் வீலுக்கும் ஒன்றாக இரண்டு கேபிள்கள் போகின்றன. ஒன்று அதன் உறைக்குள்ளேயே இறுகிப்போயிருந்தது. மற்றது இழுத்ததும் அறுந்தது. இந்தக் காருக்குச் சாமான் எங்கே கிடைக்கும்? பழைய லொறி ஒன்றின் கேபிளை வெட்டி, முனை வைத்து, இரண்டையும் அவரே செய்து கொடுத்தார். பின் வீல்களைக் கழற்றியபோது உள்ளே கறுப்புத் தூளும் எண்ணெய்க் கசிவும். கசிவை அவர் அடைத்தார். நான் ஓரமாக உட்கார்ந்து அரத்தாளால் தேய்த்துத் துடைத்தேன். வந்து போனவர்கள் எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அதோடு முடியவில்லை. கேபிள் புதிது, இழுபடும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பாருங்கள் என்று பாஸ் சொல்லி அனுப்பினார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஜாக்கி வைத்து வீலைத் தூக்கி, கையால் சுற்றிப் பார்ப்பேன். வலது பக்கம் பிடித்தால் இடது பக்கம் சும்மா சுற்றும். இடதை இறுக்கினால் வலது வெறுமனே உரசும். சாக்கை விரித்துக் கீழே படுத்திருக்கும்போது, சைலன்சரைத் தாங்குவதற்கு நீங்கள் கட்டிய கம்பிக்கட்டு முகத்துக்கு நேரே தெரிந்தது. பாஸ் அதை மாற்றச் சொன்னார். மாற்றவில்லை. நான் படித்த கதைகளில் எல்லாம் செத்துப்போனவர்கள் கனவில் வந்து ஏதாவது சொல்கிறார்கள். நீங்கள் ஏன் அப்பா ஒரு தடவைகூட வரவில்லை?

பிரேக் சரியானால் அம்மாவுக்கும் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைப்பவளைப் போல வேலை மட்டும் செய்தேன்.

அடுத்த மாதக் கிளினிக் ஒரு புதன்கிழமை வந்தது. காரை இறக்கத்தில் நிறுத்தி, லீவரை முழு பலத்தோடு இழுத்து, இறங்கிக் கதவைச் சாத்தினேன். நின்றது. அம்மா கட்டிலில் சாய்ந்தபடியே கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளார யாரு இருக்கா?"

"யாருமில்லம்மா."

"பின்ன எப்படி நிக்குது?"

"பிரேக் போட்டிருக்கேன்."

"இது அப்பவே இப்படி நின்னிருந்தா, அந்த மனுசன் எறங்கி வந்து எனக்கு ஒரு கை குடுத்திருப்பாரு" என்றார்.

உங்கள் மேல் கோபமா, ஆசையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தூக்கினேன். முன்பைவிட லேசாக இருந்தார். கார் அசையவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார். அம்மாவுக்கு விளங்கக் கூடாது என்று சிங்களத்தில், மெதுவாகச் சொன்னார். மருந்தால் இனி ஆகப்போவது ஒன்றும் இல்லையாம். இவ்வளவு தூரம் வருத்திக் கூட்டிவர வேண்டாமாம். வலிக்கு மட்டும் மாத்திரை எழுதித் தருகிறேன், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனுஷி. என் கையில் கிரீஸ் கறை இருந்ததைப் பார்த்து, வரும் வழியில் கார் பழுதாகிவிட்டதா என்று கேட்டார். இல்லை, இப்போது நன்றாக இருக்கிறது என்றேன்.

திரும்பி வந்து, அதே இறக்கத்தில் நிறுத்தி, அம்மாவை இறக்கினேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு காரைத் திரும்பிப் பார்த்தார். உங்கள் காரியம் முடிந்த பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்க்கவில்லை.

"இனி கவல இல்லடி. ஒருத்தரையும் கெஞ்ச வேணாம். மாசாமாசம் நீயும் நானுமே போய்ட்டு வந்துரலாம்."

நான் "ம்" என்றேன். அடுத்த கிளினிக் எப்போது என்று நேற்றுக் கேட்டார். கேட்காதது போல எழுந்து அடுப்படிக்குப் போனேன். இன்றைக்கும் கேட்டார். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஏதாவது ஒரு கதை கட்டியிருப்பீர்கள். எனக்கு அது வராது.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், அப்பா. நாளைக்கு எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறி, லயம் காலியான பிறகு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிடுவேன். எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவும் சொல்வேன். அதற்குப் பிறகும் ஒருநாள் காரில் ஏற்று என்று சொன்னால் ஏற்றுவேன். எங்கே என்று கேட்க மாட்டேன்.

அம்மாவின் பக்கத்தில் இருந்து,
உங்கள் மகள்.